ரஹ்மத்தின் பின்சக்கரம்

வாரம் தவறாமல் என் கைப்பேசிக்கு ஒரு கேள்வி வந்துவிடுகிறது. "அண்ணே, பட்ஜெட் ஐந்நூறு வெள்ளிதான். மவுண்டன் பைக்குக்கு எந்த வீல்செட் வாங்கலாம்?" கேட்கும் ஆட்கள்தான் மாறுகிறார்கள். காட்டுப்பாதையில் சைக்கிள் ஓட்டும் நம்மவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் நானும் இருக்கிறேன். ஓய்வு பெற்று ஒன்றரை வருடமாகியும் அங்கே என்னை யாரும் ஓய்வாக விடுவதில்லை. எனக்கும் அது பிடித்துத்தான் இருக்கிறது. இல்லையென்று சொன்னால் என் மனைவியே சிரிப்பாள்.

கேட்டவருக்குக் கம்பெனிப் பெயர் வேண்டும். நானோ பதிலுக்கு மூன்று கேள்வி கேட்பேன். எங்கே ஓட்டுகிறீர்கள்? எத்தனை கிலோ இருக்கிறீர்கள்? பழைய சக்கரம் எந்த இடத்தில் உடைந்தது? போன மாதம் ஒருவர், "இவர் வீல்செட் சொல்றாரா, கல்யாணத்துக்கு ஜாதகம் பாக்குறாரா?" என்று எழுதிச் சிரிப்புப் பொம்மை நான்கு போட்டார். ஜாதகம்தான் ஐயா. அதைக் கடைசிவரை பார்க்காமல் நான் ஒரு சக்கரத்தைக் கட்டிவைத்துப் பட்ட பாட்டை எழுதிவைத்துவிட்டால், இனி யாராவது கேட்கும்போது இதையே அனுப்பிவிடலாம்.

தேசிய சேவை முடித்த கையோடு சிராங்கூன் ரோட்டுக்குப் பக்கத்துச் சந்தில் இருந்த சைக்கிள் கடையில் சேர்ந்தேன். முப்பத்தாறு வருடமும் அதே கடைதான். முதல் இரண்டு வருடம் அட்டைப் பெட்டி பிரித்தேன், பஞ்சர் ஒட்டினேன், தரை கூட்டினேன். மூன்றாம் வருடம் முதலாளி என் முன்னால் ஒரு ரிம், சக்கரத்தின் நடுவில் சுழலும் ஹப் ஒன்று, முப்பத்திரண்டு ஸ்போக் கம்பிகளைப் போட்டு, "கட்டு" என்றார். கட்டினேன். தூக்கிப் பார்த்தார், எல்லாவற்றையும் அவிழ்த்துத் திருப்பிக் கொடுத்தார். இப்படிப் பதினோரு தடவை. பன்னிரண்டாம் தடவை அவிழ்க்கவில்லை. எனக்குக் கிடைத்த சான்றிதழ் அவ்வளவுதான்.

முதலாளி பெயர் மிஸ்டர் ஓங். நாங்கள் பாஸ் என்போம். அந்தச் சந்திலேயே பிறந்து வளர்ந்த சீனர், பால்காரரிடமும் பூக்காரரிடமும் தமிழ் கற்றவர். அவருடைய தமிழில் நேற்று, இன்று, நாளை எல்லாம் ஒன்றுதான், ஆனால் சொல்ல வந்தது சுருக்கென்று ஏறும். அவர் யாரையும் சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. கோபம் வந்தால் எதிர்க் கோப்பிக்கடைக்குப் போய், சீனியும் பாலும் இல்லாத கோப்பி ஒன்று வாங்கி வந்து நம் முன்னால் வைப்பார். அதன் பெயர் கோசோங். அவர் பார்க்கப் பார்க்க அதைக் குடித்து முடிக்க வேண்டும். வேலை பிடித்திருந்தால் நுரை பொங்க ஆற்றிய பால்தேநீர், தே தாரிக், வரும். சம்பள உயர்வு எந்தெந்த வருடம் வந்தது என்று எனக்கு ஞாபகமில்லை, எந்தச் சக்கரத்துக்கு எந்தக் கோப்பை வந்தது என்பது ஞாபகமிருக்கிறது.

வாடிக்கையாளர் யாராக இருந்தாலும் சுவரில் தொங்கும் புதுச் சக்கரங்களின் பக்கம் பாஸ் முதலில் விடமாட்டார். பழைய சக்கரம் ஸ்டாண்டில் ஏற வேண்டும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு மெதுவாகச் சுற்றிவிட்டுப் பார்ப்பார். கம்பி ஹப் பக்கத்து வளைவில் முறிந்திருந்தால், கட்டியவன் தளர்வாகக் கட்டியிருக்கிறான். கம்பி நுழையும் ஓட்டையைச் சுற்றி ரிம்மில் கீறல் விட்டிருந்தால், அளவுக்கு மேல் இறுக்கியிருக்கிறான். ரிம்மின் ஓரம் நசுங்கியிருந்தால், ஓட்டுபவர் காற்றுக் குறைவாக அடிக்கிறார். "செத்த வீல் பொய் பேசாது லா" என்பார். அதைப் பார்த்து முடித்த பிறகுதான் காசுப் பேச்சு.

ஐந்நூறு வெள்ளிக்காரர்களுக்கு அவர் சொன்னதையே நான் இன்றும் சொல்கிறேன். காசில் பெரும்பகுதி பின்சக்கரத்துக்குப் போகட்டும். ஆள் எடையும் செயின் இழுப்பும் அதன் தலையில்தான் விடிகிறது. பின்சக்கரத்திலும் முதலில் நல்ல ஹப், அது பல வருடம் உழைக்கும். ரிம் செருப்பு மாதிரி, தேயும், மாற்றுவோம். கெட்டியாக, எளிதில் கிடைப்பதாக இருந்தால் போதும். கம்பியில் கஞ்சத்தனம் கூடாது. கம்பியை ரிம்மில் பிடிக்கும் நிப்பிள் பித்தளையாக இருக்கட்டும். நம் ஊர் மழைக்கும் வியர்வைக்கும் அலுமினிய நிப்பிள் ஒட்டிக்கொண்டு பிறகு திரும்பவே திரும்பாது. முன்சக்கரத்தின் பழைய ஹப் நன்றாகச் சுற்றினால் அதை ஏன் தூக்கிப் போட வேண்டும்? எடை குறைப்பது கடைசிக் கவலை.

எடை என்றதும் ஒரு பேங்க்காரர் ஞாபகத்துக்கு வருகிறார். இருநூறு கிராம் குறைவான சக்கரம் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். பாஸ் அவருடைய சைக்கிளிலிருந்து தண்ணீர் போத்தலை உருவி, பாதியை வாசல் துளசிச் செடிக்கு ஊற்றிவிட்டு, "இப்போ முந்நூறு கிராம் கொறஞ்சாச்சு. காசு வேணாம்" என்றார். அந்த மனிதர் சிரித்த சிரிப்பு சந்து முனைவரை கேட்டது. அன்று இரண்டு டயர் மட்டும் வாங்கிக்கொண்டு போனவர் இருபது வருடம் எங்களை விட்டுப் போகவில்லை.

இனி என் திமிருக்கு வருகிறேன். சக்கரம் கட்டும்போது கம்பிகளை இறுக்கிக்கொண்டே விரலால் சுண்டிப் பார்ப்போம். இறுகும்போது சத்தம் ஏறும். ஒரே பக்கத்துக் கம்பிகளெல்லாம் ஒரே சத்தம் தந்தால் சக்கரம் சமமாக இருக்கிறது. அதற்குப் பிறகு, இறுக்கத்தை எண்ணில் காட்டும் டென்ஷன் மீட்டரால் ஒவ்வொரு கம்பியையும் கவ்விப் பிடித்து அளக்க வேண்டும். அளவை ஒரு துண்டு ஒட்டுநாடாவில் எழுதிக் கையெழுத்துப் போட்டு ரிம்மின் உட்புறத்தில் ஒட்டி, அதன்மேல் டியூப் நாடாவைச் சுற்ற வேண்டும். டயரைக் கழற்றினால் தவிர அது யார் கண்ணிலும் படாது. இதுதான் பாஸின் சட்டம்.

நான் தோ பாயோ கோயில் பஜனைக் குழுவில் வெள்ளிக்கிழமைதோறும் பாடுகிறவன். ஆர்மோனியத்தில் ஒரு கட்டை மயிரிழை பிசகினாலும் எனக்குப் பல் கூசும். என் காதும் மீட்டரும் வருடக்கணக்கில் ஒன்றையே சொல்லி வந்தன. அதனால் முப்பத்திரண்டு கம்பியை அளப்பது பத்தாயிற்று, பத்து மூன்றாயிற்று. பிறகு மீட்டர் மாடி அலமாரியில் தூங்க ஆரம்பித்தது. பழகிய கை என்பது எவ்வளவு பெரிய சோம்பேறி!

அப்போதுதான் ரஹ்மத் வந்தார். ஏழு வருடத்துக்கு முன்பு, தீபாவளிக்கு இரண்டு மாதம் இருந்தது. ஈசூனில் ஒரு கோப்பிக்கடைக்குள் பரோட்டாக் கடை வைத்திருக்கும் பெண்மணி, நாற்பத்தைந்து வயதிருக்கும். பின்னாலேயே ஒடிசலான கணவர் ஜமால், மனைவியின் ஹெல்மெட்டையும் தன் ஹெல்மெட்டையும் தூக்கிக்கொண்டு வந்தார். ரஹ்மத்தின் பின்சக்கரத்தில் மூன்று கம்பி முறிந்திருந்தது. வெவ்வேறு கடைகளில் வாங்கிய மூன்றாவது சக்கரம் அது.

பெண்களிடம் எடையை எப்படிக் கேட்பது என்று நான் வழக்கம்போல் விழுங்கினேன். அவர் முந்திக்கொண்டார்.

"தொண்ணூத்தி நாலு கிலோ. எழுதிக்குங்க அண்ணே. வெக்கப்பட்டு என்னா ஆவப்போவுது? போன கடையில 'ஆன்ட்டி, நீங்க பார்க்ல மட்டும் ஓட்டுங்க'ன்னுட்டான். எனக்குப் பார்க் வேணாம். உபின் தீவு மலைப்பாதையில எறங்கணும். ஐந்நூறு வெள்ளி சேத்து வச்சிருக்கேன். இதுவும் ஒடஞ்சா சைக்கிள யாருக்காச்சும் குடுத்துட்டு ஒக்காந்துருவேன். அவ்ளோதான்."

"இவ ஒக்காந்தா நானும் ஒக்காரணும்" என்றார் ஜமால் சன்னமாக. அவர் அதற்கு ஆசைப்பட்டாரா பயந்தாரா என்று தெரியவில்லை.

பாஸ் செத்த சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். "கம்பி லூசு. இவங்க தப்பு இல்ல" என்றார். ரஹ்மத் அதை நம்பின மாதிரி தெரியவில்லை. எடைதான் காரணம் என்று மூன்று கடைக்காரர்கள் மனதில் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். நான் பின்னால் கெட்டியான ரிம், நடுத்தர விலையில் நல்ல ஹப், பித்தளை நிப்பிள் என்று தேர்ந்தெடுத்தேன். முன்னால் பழைய ஹப்பிலேயே புது ரிம். ஐந்நூறுக்குள் முடிந்தது. இதுவரை எல்லாம் சரி.

அந்த வாரம்தான் பக்கத்துப் பூக்கடை செல்வி புது ஸ்பீக்கர் வாங்கினார். அதுவரை அங்கே ரேடியோவில் பேச்சுச் சத்தம்தான் கேட்கும். ஸ்பீக்கர் வந்ததும் காலை ஒன்பதிலிருந்து நாதஸ்வரம். எனக்குக் கொண்டாட்டம். பாட்டைக் கேட்டுக்கொண்டே ரஹ்மத்தின் பின்சக்கரத்தைச் சுண்டிச் சுண்டி இறுக்கினேன். அவ்வளவு சுகமாக நான் எந்தச் சக்கரத்தையும் கட்டியதில்லை. முடித்தபோது பாஸ் கணக்காக வந்து நின்றார்.

"மீட்டர் போட்டாச்சா?"

மீட்டர் மாடியில் இருந்தது. எனக்கு முட்டி வலி.

"போட்டாச்சு பாஸ்" என்றேன்.

ஆறு வாரம் கழித்து ரஹ்மத் திரும்பி வந்தார். ரிம்மில் நிப்பிள் ஓட்டைகளைச் சுற்றி நான்கு இடத்தில் மெல்லிய கீறல். அவர் சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, "நீங்க நல்லாத்தான் கட்டுனீங்க அண்ணே. நாந்தான் கனம். யாராச்சும் சின்னப் பொண்ணு கேட்டா குடுத்துருங்க" என்றார். ஜமால் ஹெல்மெட்டுகளைக் கவுண்டர்மேல் வைத்தார். இருவரும் எம்ஆர்டி ரயில் நிலையத்தின் பக்கம் நடந்து போவதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

பாஸ் டயரைக் கழற்றினார். டியூப் நாடாவை உரித்தார். உள்ளே ஒட்டுநாடாத் துண்டு இல்லை. என்னைப் பார்க்காமலே மாடிக்குப் போய் மீட்டரை எடுத்து வந்தார். அறுபத்தெட்டு வயது மனிதர், படி ஏறி இறங்கினார். அளந்தோம். ஒவ்வொரு கம்பியிலும் இறுக்கம் கூடுதல், அதுவும் கொஞ்சநஞ்சமல்ல.

"ஒண்ணு ஏறி ஒண்ணு எறங்கினா கை தப்பு. எல்லாம் ஒரே மாதிரி ஏறியிருக்கு. எப்படி?" என்றார்.

எனக்கும் விளங்கவில்லை. பதில் தேடும் கை சும்மா இருக்குமா? ஸ்டாண்டில் பாதி கட்டியிருந்த வேறொரு சக்கரத்தைச் சுண்டி, நிப்பிள் சாவியால் ஒரு திருகு, மறுபடி சுண்டல், மறுபடி ஒரு திருகு என்று போய்க்கொண்டிருந்தேன். பாஸ் திடீரென்று கையைத் தூக்கி, "நில்லு" என்றார். வெளியே போய், "செல்வி, பாட்டு நிப்பாட்டு!" என்று குரல் கொடுத்தார். சந்து அமைதியானது.

"இப்போ தட்டு."

சுண்டினேன். தனியாக, கீச்சென்று, எட்டாத உயரத்தில் நின்றது அந்தச் சத்தம்.

"செல்வி, திருப்பிப் போடு!"

நாதஸ்வரம் வந்தது. நாதஸ்வரத்துக்குப் பின்னால் விடாமல் ஒரே சுரத்தில் ஊதுவார்களே, அந்த ஒத்தும் கூடவே வந்தது. கம்பியைச் சுண்டினேன். அதன் சத்தம் ஒத்துக்குள் போய் அப்படியே உட்கார்ந்துகொண்டது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பஜனைக்காரன் காது, சுதியைக் கேட்டால் சேராமல் இருக்காது. ரிம் தாங்கும் அளவு எது என்பதை மறந்து, ஒத்து நிற்கும் இடம்வரை கம்பியை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறேன்.

பாஸ் ஸ்டூலில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "முத்து, நீ சைக்கிள் வேலை பாக்கல. கச்சேரிக்கு சுதி சேக்குற!" நானும் சிரித்துவிட்டேன். பிறகு அவர் எழுந்து எதிர்க் கடைக்குப் போனார். கோசோங் வந்தது. பெரிய கோப்பை. கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.

"சுதி தப்பு, நான் சிரிச்சாச்சு. மீட்டர் போட்டேன்னு சொன்னது, அதுக்கு சிரிப்பு இல்ல" என்றார். "அந்த அம்மா இப்போ தன் வெயிட் தப்புன்னு நெனச்சிக்கிட்டு வீட்டுக்குப் போவுது. அது உன் பொய். வீல் அப்புறம் கட்டு. மொதல்ல போய் சொல்லு."

செல்வியின் ஸ்பீக்கர் வந்த பிறகு நான் கட்டிய மற்ற சக்கரங்களின் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் அன்றே போன் போட்டு அவற்றைத் திரும்ப வரவழைத்தேன். மறுநாள் காலை ஈசூனுக்குப் போனேன். பசியாறல் கூட்டம் அடங்கியிருந்தது. ரஹ்மத் கல்லில் பரோட்டாவைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"வாங்க அண்ணே. சைக்கிள குடுத்தாச்சா?"

"இல்லம்மா. ஒடஞ்சது உங்க வெயிட்டால இல்ல. என்னால." நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். ஸ்பீக்கர், நாதஸ்வரம், மாடியில் தூங்கிய மீட்டர், முட்டி வலி, நான் சொன்ன பொய். பரோட்டா கருகிப் புகைய ஆரம்பித்தது. அவர் கவனிக்கவில்லை.

"இருங்க, இருங்க. என் சக்கரத்த நாதஸ்வரத்துக்கு முறுக்கி வச்சீங்களா?"

"ஆமா."

"என்னமோ கல்யாண வீடு மாதிரி?"

"ஆமாம்மா."

"அப்ப நான் கனம் இல்லியா?"

பொய் சொல்லிப் பட்டது போதும் என்று தோன்றியது. "கனந்தான். ஆனா அந்த ரிம் உங்களத் தாங்கும். இன்னொருத்தர பின்னால ஏத்திக்கிட்டாலும் தாங்கும். நான் அத நெரிச்சு வச்சதுதான் தப்பு."

அவர் கரண்டியைக் கல்லில் ஓங்கித் தட்டினார். "மச்சான்! இங்க வாங்க! நான் இல்லியாம்! அண்ணந்தானாம்!" என்று உள்ளே இருந்த ஜமாலைப் பார்த்துக் கத்தினார். கோப்பிக்கடை முழுவதும் திரும்பிப் பார்த்தது. சிரித்தார், சிரித்துக்கொண்டே அழுதார், மாவுக் கையாலேயே கன்னத்தைத் துடைத்துக்கொண்டார். "மூணு கடை அண்ணே. மூணு பேரும் என்னத்தான் மேலயும் கீழயும் பாத்தாங்க. 'நாந்தான் தப்பு'ன்னு இதுவரைக்கும் ஒருத்தர் சொல்லல." எனக்கும் கண் கலங்கியது, மறைக்கவில்லை.

"பொய் சொன்னதுக்கு மன்னிச்சிருங்க" என்றேன்.

"மன்னிக்கிறேன். ஆனா உபினுக்கு நீங்களும் வரணும். ஒடஞ்சா தூக்கிட்டு வர ஆள் வேணும்ல?" என்று சொல்லி, கருகாத பரோட்டா இரண்டு தட்டில் போட்டுக் கொடுத்தார்.

புது ரிம் என் செலவு. செல்வி ஒரு மணி நேரம் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, "எங்க நாதஸ்வரம் ஒங்க சக்கரத்துக்கு ஆவாதோ?" என்று கேட்டபடி வாசலில் நின்று மல்லிகை தொடுத்தார். முப்பத்திரண்டு கம்பியையும் அளந்தேன். இரண்டு தடவை அளந்தேன். ஒட்டுநாடாவில் எழுதிக் கையெழுத்துப் போட்டு ஒட்டினேன். பாஸ் குனிந்து வாசித்தார், தலையாட்டினார், கடைக்குள்ளே போய்விட்டார். தே தாரிக் வரவில்லை. வராது என்று எனக்கும் தெரியும்.

உபின் தீவுக்குப் படகில் போனோம். பாதையின் உச்சியில் ரஹ்மத்தும் ஜமாலும் நின்றார்கள். பாறை இறக்கத்தின் அடியில் நான் நின்றேன். கம்பி முறிந்தால் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும், அதற்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் எந்தச் சத்தமும் வந்துவிடக் கூடாது என்று அவ்வளவு வேண்டியதில்லை. "யா அல்லாஹ்!" என்று ஒரு கூவல் மட்டும் வந்தது. கூடவே சரளைக் கல் தெறிக்க, தொண்ணூற்று நாலு கிலோ ரஹ்மத் என்னைத் தாண்டிப் பறந்து போய் மண்மேட்டில் நின்றார். "அண்ணே, இன்னொரு தடவ!" என்று திரும்பவும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேலே ஏறினார். அன்று ஐந்து தடவை இறங்கினார். ஜமால் ஐந்து தடவையும் நடந்தே இறங்கினார். திங்கட்கிழமை நான் கடைக்குப் போனபோது என் வேலைமேசையில் ஒரு கோப்பை மூடி வைக்கப்பட்டிருந்தது. திறந்தேன். நுரை பொங்கும் தே தாரிக்.

உபினிலிருந்து திரும்பிய வாரம்தான் ரஹ்மத் அந்த வாட்ஸ்அப் குழுவை ஆரம்பித்தார். இன்று அதில் நூற்றுக்கு மேல் ஆட்கள். இப்போது தொழிற்சாலையில் கட்டி வரும் வீல்செட்டுகள் நன்றாகவே இருக்கின்றன, ஐந்நூறுக்குள் நல்லதாகவே வாங்கலாம். ஆனாலும் வாங்கியதும் ஒரு தடவை மீட்டர் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ரஹ்மத்தின் அந்தப் பின்சக்கரம் இன்னும் ஓடுகிறது. போன வருடம் ரிம் மாற்றினேன், ஹப் அதேதான்.

போன வாரம் புக்கிட் பாத்தோக்கிலிருந்து புதிதாகச் சேர்ந்த ஒருவர் குழுவில் எழுதியிருந்தார். பின்சக்கரம் இரண்டாம் முறையாகப் போய்விட்டதாம், அவருடைய உடம்புக்கு இந்த விளையாட்டு சரிப்படாது என்று கடைக்காரர் சொல்லிவிட்டாராம், பேசாமல் விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தார். நான் கண்ணாடியைத் தேடி எடுத்து என் மூன்று கேள்விகளைத் தட்ட ஆரம்பித்தேன். அதற்குள் ரஹ்மத்தின் குரல் செய்தி வந்து விழுந்தது. பின்னணியில் பரோட்டாக் கல்லில் கரண்டிச் சத்தம்.

"தம்பி, சைக்கிள விட்டுராதீங்க. ஒங்க உடம்ப அப்பறம் பாத்துக்கலாம். சக்கரம் கட்டுன ஆள்கிட்ட போயி, அன்னிக்கு என்னா பாட்டு ஓடுச்சுன்னு மொதல்ல கேளுங்க!"